அலெக்சாந்தர் வம்பீலவ்: தற்செயலில் தொடங்கும் நாடகங்கள்

செகாவுக்குப் பிறகு ருஷ்ய நாடகத்தில் யாரைப் படிக்கலாம், அதிலும் சோவியத் காலத்து மனிதர்களைப் பிரசாரம் கலக்காமல் காட்டியவர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் அலெக்சாந்தர் வம்பீலவ். முப்பத்தைந்து வயதைக்கூட எட்டாமல் இறந்துபோனவர் அவர். நான்கு முழுநீள நாடகங்கள், ஒரே தலைப்பின்கீழ் இணைந்த இரண்டு ஓரங்க நாடகங்கள், சில சிறு நாடகங்கள், இளமையில் எழுதிய நகைச்சுவைக் கதைகள், குறிப்பேடுகள் என்று அவர் விட்டுச்சென்றவை அனைத்தும் ஒரே தொகுதிக்குள் அடங்கிவிடும். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ருஷ்ய மேடையில் வந்த பெரும்பாலான நல்ல நாடகங்கள் ஏதோ ஒரு வகையில் அவருக்குக் கடன்பட்டவை என்பது என் எண்ணம். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அவர் பிறந்தது 1937 ஆகஸ்ட் 19 அன்று, சைபீரியாவின் இர்குத்ஸ்க் பகுதியில், செரெம்கோவோ என்னும் நிலக்கரி நகரத்தின் மருத்துவமனையில். குடும்பம் வாழ்ந்த ஊர் அருகிலுள்ள குதுலிக். தந்தை வலந்தீன் நிகீதிச் சைபீரியாவில் வாழும் மங்கோலிய இனமான புரியாத் இனத்தவர், பள்ளியில் இலக்கியம் கற்பித்தவர். தாய் அனஸ்தாசியா ப்ரகோப்யெவ்னா ருஷ்யர், ஒரு பாதிரியாரின் மகள், கணித ஆசிரியை. ருஷ்யாவின் பெருங்கவிஞர் அலெக்சாந்தர் புஷ்கின் இறந்து நூறாண்டு நிறைந்ததை நாடெங்கும் நினைவுகூர்ந்த ஆண்டு அது. நான்காவதாகப் பிறந்த குழந்தைக்குப் புஷ்கினின் பெயரையே வைத்தார்கள். குழந்தை பிறக்கும் முன்பு மனைவிக்கு எழுதிய கடிதமொன்றில், தன் கனவுகளில் எழுத்தாளர்களாகவே வருவதால் மகனும் எழுத்தாளனாகிவிடுவானோ என்று அஞ்சுவதாகத் தந்தை பாதி விளையாட்டாகக் குறிப்பிட்டிருந்தார். அந்த மகன் எழுதியதில் ஒரு வரியைக்கூட அவர் பார்க்கவில்லை. 1938 ஜனவரியில், மங்கோலிய இனங்களை ஒன்றுதிரட்டச் சதி செய்தார் என்ற பொய்க் குற்றச்சாட்டில் கைதான அவர், அதே ஆண்டு மார்ச் மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்று அரசு ஒப்புக்கொண்டபோது ஆண்டு 1957. மகனுக்கு இருபது வயது நெருங்கியிருந்தது.

ஓர் எழுத்தாளரின் வாழ்க்கையை எடுத்து அவருடைய படைப்பின்மேல் அப்படியே பொருத்திப் பார்ப்பது அவசரப்பட்ட செயல். ஆனாலும், முகமே நினைவில்லாத தந்தையைப் பெற்ற ஒருவர், தந்தை இல்லாத ஓர் இளைஞன் ஒரு தந்தையைத் தற்செயலாகக் கண்டடையும் நாடகத்தைப் பின்னாளில் எழுதினார் என்பதை மறந்துவிட்டு ‘மூத்த மகன்’ நாடகத்தைப் படிக்க என்னால் முடிந்ததில்லை.

தாய் தனியொருத்தியாக நான்கு பிள்ளைகளையும் குதுலிக்கில் வளர்த்தார். வம்பீலவ் 1955இல் இர்குத்ஸ்க் பல்கலைக்கழகத்தில் மொழி, இலக்கியப் பிரிவில் சேர்ந்து 1960இல் படிப்பை முடித்தார். படிக்கும் காலத்திலேயே ‘சோவியத் இளைஞர்’ என்னும் உள்ளூர்ச் செய்தித்தாளில் வேலைக்குச் சேர்ந்து, மாவட்டம் மாவட்டமாகச் சுற்றிக் கட்டுரைகளும், ‘அ. சானின்’ என்ற புனைபெயரில் குட்டிக் கதைகளும் எழுதினார். அக்கதைகள் 1961இல் புத்தகமாக வந்தன. புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் ‘சூழ்நிலைகளின் கூடுகை’ என்று சொல்லலாம். நாம் தற்செயல் என்கிறோமே, அதுதான். ஒரு சம்பவம், ஓர் அற்ப விஷயம், சில சூழ்நிலைகள் ஒன்றாக வந்து சேர்வது, இவையே சில வேளைகளில் மனித வாழ்வின் மிகப் பெரிய நாடகத் தருணங்களாகிவிடுகின்றன என்ற கருத்து அந்தத் தலைப்புக் கதையிலேயே இருக்கிறது. மாணவப் பருவத்தில் வேடிக்கைக் கதைக்காக எழுதிய அந்த எண்ணத்தைத்தான் அவர் பின்பு எழுதிய ஒவ்வொரு நாடகத்திலும் சோதித்துப் பார்த்தார். அவருடைய நாடகங்களைத் திறக்கும் சாவி அதுவென்று நான் நினைக்கிறேன். ஒருவன் ரயிலைத் தவறவிடுகிறான், ஒருவன் ஜன்னல் வழியே விளையாட்டாகக் கத்துகிறான், ஒருவனுக்கு அவனுடைய நண்பர்கள் கேலியாக ஒரு மலர் வளையம் அனுப்புகிறார்கள். அந்த அற்பச் செயல் திறந்துவிட்ட கதவின் வழியே மனிதன் எங்கே போகிறான் என்பதுதான் நாடகம்.

1965 முதல் 1967 வரை மாஸ்கோவில் கோர்க்கி இலக்கியக் கழகத்தின் உயர்நிலை வகுப்புகளில் இருந்தார். அந்நாட்களில் எழுதி முடித்த ‘ஜூன் மாதத்தில் ஒரு பிரிவு’ 1966இல் லித்துவேனியாவின் க்லாய்ப்பேதா நகரில் மேடையேறியது. கோலெசவ் என்னும் மாணவன் பல்கலைக்கழகத் தலைவரின் மகளைக் காதலிக்கிறான்; அவளை விட்டுவிட்டால் பட்டம் கிடைக்கும் என்று தலைவர் பேரம் பேச, அவன் ஒப்புக்கொள்கிறான், பிறகு அந்தப் பட்டத்தையே கிழித்துப்போடுகிறான். இளைஞர்களின் நாடகம் இது, அதற்குரிய துள்ளலும் சில இடங்களில் முதிர்ச்சிக் குறைவும் உண்டு. எனக்கு அதில் மறக்க முடியாதவர் பக்கப் பாத்திரமான ஸலத்துயெவ் என்னும் முதியவர். கடையில் வேலை செய்து மோசடியில் பிடிபட்டவர், சோதனைக்கு வந்த அதிகாரிக்கு லஞ்சம் நீட்டியபோது அந்த மனிதர் வாங்காததால் சிறைக்குப் போனவர். உலகில் லஞ்சம் வாங்காதவன் கிடையாது, கொடுத்த தொகைதான் போதவில்லை என்ற தன் நம்பிக்கையை மெய்ப்பிக்க அவர் ஆண்டுக்கணக்கில் பணம் சேர்க்கிறார். சேர்த்த பெருந்தொகையைக் கொண்டுபோய் அதே மனிதரிடம் நீட்டுகிறார். அவர் மறுபடியும் மறுக்கிறார். தன் வாழ்நாளைத் தாங்கி நின்ற ஒரே நம்பிக்கை உடைந்ததும் அந்தக் கிழவர் படும் துயரம் நகைப்புக்கும் இரக்கத்துக்கும் நடுவே நம்மை நிறுத்திவைக்கிறது. வம்பீலவின் குரல் முதலில் முழுதாகக் கேட்பது இந்தக் கிழவரிடத்தில்தான்.

அடுத்தது ‘மூத்த மகன்’. முதலில் ‘புறநகர்’ என்று பெயரிடப்பட்டு 1968இல் இர்குத்ஸ்க்கின் ‘அங்காரா’ இதழில் வெளிவந்து, மறு ஆண்டு அதே நகரின் நாடக அரங்கில் நடிக்கப்பட்டது. மருத்துவ மாணவன் பூஸிகினும் அன்று மாலைதான் அவனுக்கு அறிமுகமான சில்வா என்பவனும் இரண்டு பெண்களை வீட்டில் கொண்டுபோய் விடப்போய்க் கடைசி ரயிலைத் தவறவிடுகிறார்கள். குளிர் இரவில் அறியாத புறநகரில் யாரும் கதவைத் திறப்பதில்லை. மனிதர்களின் தோல் தடித்தது, ஒழுங்காகப் பொய் சொன்னால்தான் இரக்கப்படுவார்கள் என்று பூஸிகின் சொல்ல, ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் சில்வா வாய்க்கு வந்தபடி, இவன் உங்கள் அப்பாவின் மூத்த மகன் என்று அறிவித்துவிடுகிறான். வீட்டுக்காரர் சரஃபானவ் ஒரு கிளாரினெட் கலைஞர். போர் முடிந்த 1945இல் தான் பழகிய ஒரு பெண்ணை நினைத்துப் பார்த்து, இருக்கலாம் என்று முதலில் தயங்கி, பிறகு முழுமனதாக நம்பிவிடுகிறார்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண நாடகாசிரியர், பொய் எப்போது வெளிப்படும் என்ற பதற்றத்தை வைத்தே மீதி நாடகத்தை ஓட்டியிருப்பார். வம்பீலவ் பார்வையை அந்த வீட்டின்மேல் திருப்புகிறார். சரஃபானவ் இசைக்குழுவில் வேலை இழந்து, நடனங்களிலும் சவ ஊர்வலங்களிலும் வாசித்துப் பிழைக்கிறார்; அதைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் மறைப்பதாக நினைக்கிறார். பிள்ளைகளோ எப்போதோ தெரிந்துகொண்டு, அப்பாவின் மனம் நோகாதிருக்கத் தெரியாதவர்கள் போல் நடிக்கிறார்கள். ‘மனிதர் யாவரும் சகோதரர்’ என்ற பெரும் இசைப் படைப்பை அவர் வாழ்நாள் முழுவதும் எழுதிக்கொண்டிருக்கிறார். அது முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. மகள் நீனா விமானப் பயிற்சி மாணவன் ஒருவனை மணந்து தொலைதூர ஊருக்குப் போகத் தயாராகிறாள்; தன்னைவிடப் பத்து வயது மூத்தவளைக் காதலித்துத் தவிக்கும் இளைய மகனும் வீட்டைவிட்டுக் கிளம்பத் துடிக்கிறான். சொந்தப் பிள்ளைகள் இருவரும் வெளியேறும் வேளையில், பொய் சொல்லி உள்ளே வந்தவனால் அந்த மனிதரை விட்டுப் போக முடியவில்லை. விடியற்காலையில் சொல்லாமல் நழுவப் பார்க்கிறவனை நிறுத்தி, தங்கள் குடும்பத்தில் எப்போதும் மூத்த மகனுக்குக் கொடுக்கப்படும் வெள்ளி மூக்குப்பொடி டப்பாவைச் சரஃபானவ் அவன் கையில் வைக்கிறார். அதன்பிறகு அவன் எப்படிப் போவான்? உண்மை வெளியானபோதும் அந்த முதியவர், நடந்தது எதுவும் எதையும் மாற்றிவிடாது, நீ என் மகன்தான் என்கிறார். நாடகம் முடியும்போது பூஸிகின் கடிகாரத்தைப் பார்க்கிறான். மறுபடியும் கடைசி ரயில் போய்விட்டிருக்கிறது.

விதலி மெல்னிகவ் இதை 1975இல் தொலைக்காட்சிப் படமாக எடுத்தார். சரஃபானவாக நடித்த யெவ்கேனி லியோனவின் முகம் இன்றும் ருஷ்யர்களுக்கு அந்தப் பாத்திரத்தின் முகமாகவே இருக்கிறது. நாடகத்தைப் படிக்க வாய்ப்பில்லாதவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தால் பெரிதாக எதையும் இழக்க மாட்டார்கள்.

‘மாகாணத்து வேடிக்கைக் கதைகள்’ என்ற தலைப்பின்கீழ் வரும் இரண்டு ஓரங்க நாடகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்றில், சிறுநகர விடுதியின் நிர்வாகி ஒரு விருந்தாளியை மிரட்டி விரட்டுகிறார். பிறகு அவர் மாஸ்கோவிலிருந்து வந்த ‘மெத்ரன்பாஜ்’ என்று தெரிந்ததும், அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியாமல், பெரிய அதிகாரியாக இருப்பாரோ என்ற பயத்திலேயே சாகும் நிலைக்குப் போய்விடுகிறார். அந்தச் சொல்லின் பொருள் அச்சகத்தில் பக்கம் கட்டுபவர், அவ்வளவுதான். அதிகாரிகளின் பயத்தைக் கேலிசெய்த பத்தொன்பதாம் நூற்றாண்டு ருஷ்ய எழுத்தாளர் கோகலின் பிள்ளை இந்த நாடகம். மற்றொன்றில், குடித்துத் தீர்த்துவிட்டுக் காசில்லாமல் கிடக்கும் இருவர், யாராவது நூறு ரூபிள் கடன் கொடுங்கள் என்று ஜன்னல் வழியே கத்த, முன்பின் தெரியாத ஒருவர் உண்மையிலேயே கொண்டுவந்து நீட்டுகிறார். காரணமில்லாமல் கொடுப்பவனை யாராலும் நம்ப முடியவில்லை, கட்டிப்போட்டு விசாரிக்கிறார்கள். கிராமத்திலிருந்த தாய்க்குப் பணம் அனுப்ப வேண்டும் அனுப்ப வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டு, அவள் இறந்தபிறகு அந்தப் பணத்தை முதலில் தேவைப்படுபவருக்குக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்ததாக அவர் சொன்ன பிறகுதான் அவர்கள் மனம் ஆறுகிறது. நன்மையை மட்டும் கண்டபோது வராத நம்பிக்கை, குற்ற உணர்வைக் கண்டதும் வந்துவிடுகிறது. மனிதரைப் பற்றி இதைவிடக் கூர்மையான ஓரங்க நாடகம் ஒன்றை நான் படித்ததில்லை. லெனின்கிராடின் பெரிய நாடக அரங்கில் இவை 1972 மார்ச்சில் மேடையேறின. பெருநகரங்களின் பெரிய அரங்குகள் அவருக்குத் திறக்கத் தொடங்கிய நேரம் அது. அவருக்கோ ஐந்து மாத ஆயுளே மீதம் இருந்தது.

இனி ‘வாத்து வேட்டை’. 1960களின் பிற்பகுதியில் எழுதி, 1970இல் ‘அங்காரா’ இதழில் வெளியானது. அவர் உயிரோடு இருந்தவரை எந்த அரங்கிலும் நடிக்கப்படவில்லை.

மழை பெய்யும் ஒரு காலையில், முந்தைய இரவின் போதை தெளியாமல் விக்தர் ஸீலவ் விழிக்கிறான். முப்பது வயது, தொழில்நுட்பத் தகவல் அலுவலகத்தில் பொறியாளர், புதிய அடுக்குமாடி வீடு. கதவு தட்டப்படுகிறது. ஒரு சிறுவன் சவச்சடங்குக்கான மலர் வளையத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறான்; வேலையிலேயே எரிந்து அகாலத்தில் மறைந்த மறக்க முடியாத ஸீலவுக்கு, ஆறாத் துயரில் நண்பர்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. நண்பர்களின் கேலி. முந்தைய இரவு ‘மறவாதே’ என்று பொருள்படும் பூவின் பெயர்கொண்ட உணவகத்தில் ஸீலவ் எல்லோரையும் அவமதித்ததற்குப் பதிலடி. மழை நிற்காமல் வேட்டைக்குப் போக முடியாது. காத்திருக்கும் நேரத்தில் அவன் நினைவுகள் ஒவ்வொன்றாக மேடைக்கு வருகின்றன.

வருபவை எல்லாம் அவனுக்கு எதிரான சாட்சியங்கள். நடக்காத சீரமைப்பு நடந்ததாக ஒரு தொழிற்சாலையைப் பற்றிய பொய் அறிக்கையை நாணயத்தைச் சுண்டிப் பார்த்து அனுப்பிவைக்கிறான். தந்தை நோயில் கிடப்பதாக எழுதும் கடிதங்களை நாடகம் என்று தள்ளிவிடுகிறான். தந்தை உண்மையிலேயே இறந்துவிட்ட செய்தி வந்த மாலையிலும் ஈரினா என்ற பதினெட்டு வயதுப் பெண்ணைச் சந்திக்கவே நிற்கிறான். ஆசிரியையான மனைவி கலீனாவுடன் முதல் சந்திப்பை மறுபடி நடித்துப் பார்த்து அன்பை மீட்கலாம் என்று அவனே தொடங்குகிறான். அன்று தான் அவளிடம் சொன்ன முக்கியமான சொல் என்னவென்று அவனுக்கே நினைவில்லை. இந்தக் காட்சி நாடகத்தின் இருதயம். மற்றொரு காட்சியில், தன்னை அறைக்குள் பூட்டிவிட்டுப் போன மனைவியிடம் மூடிய கதவு வழியே அவன் பேசுகிறான். வாழ்க்கையில் முதல் தடவையாக வேடமின்றிப் பேசுகிறான். வேட்டைக்கு அழைத்துப் போகிறேன், அந்த விடியல் மூடுபனியில், அந்த அமைதியில் மனிதன் இன்னும் பிறக்காதவன்போல் இருப்பான் என்கிறான். கதவுக்கு அப்பால் கலீனா எப்போதோ போய்விட்டாள். அந்த இடத்தில் வந்து நிற்பவள் ஈரினா. உன்னோடு வருகிறேன் என்று பதில் சொல்கிறவளும் அவளே.

ஸீலவுக்கு நேரெதிரே நிற்பவன் தீமா என்னும் உணவகப் பணியாளன். குறி தப்பாத வேட்டைக்காரன், குரலை உயர்த்தாதவன், கணக்குத் தவறாதவன். ஸீலவ் இதுவரை ஒரு வாத்தைக்கூடச் சுட்டதில்லை. பறவையைக் கண்டதும் பதறிவிடுகிறான். குறி தவறுகிறவனுக்குத்தான் வாத்துகள் உயிருள்ளவை, குறி பார்த்து அடிக்கிறவனுக்கு அவை ஏற்கெனவே செத்தவை என்று தீமா பாடம் சொல்கிறான். ஸீலவிடம் எஞ்சியிருக்கும் மனிதத்தன்மை முழுவதும் அந்தப் பதற்றத்தில்தான் இருக்கிறது என்று நான் படிக்கிறேன். அதனால்தான் முடிவு இவ்வளவு கனமாக இருக்கிறது. நண்பர்களைத் தன் ஈமச் சடங்கு விருந்துக்குத் தொலைபேசியில் அழைத்துவிட்டுத் துப்பாக்கியைத் தன்மேல் திருப்புகிறான்; தொலைபேசி மணியும் வந்துசேரும் நண்பர்களும் அதைத் தடுத்துவிடுகிறார்கள். எல்லோரையும் விரட்டிவிட்டுப் படுக்கையில் குப்புற விழுகிறான். அவன் உடல் குலுங்குகிறது. அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரிந்துகொள்ள முடியாதபடி வம்பீலவ் மேடைக் குறிப்பு எழுதுகிறார். மழை நிற்கிறது. எழுந்து, அமைதியான குரலில், கிளம்பத் தயார் என்று தீமாவிடம் சொல்கிறான். பிழைத்தது மனிதனா, இனிமேல் குறி தவறாத இன்னொரு தீமாவா என்ற கேள்விக்கு நாடகம் விடை தருவதில்லை.

இந்த நாடகம் ஏன் மேடைக்கு வரவில்லை என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அரசை எதிர்த்து அதில் ஒரு சொல்லும் கிடையாது. ஆனால் பசியில்லாத, வேலையுள்ள, வீடு கிடைத்த சோவியத் மனிதன் ஒருவன் உள்ளே முற்றிலும் காலியாக இருக்கிறான் என்று அது காட்டியது. அவனைத் திருத்த நல்லவர் ஒருவரையும் ஆசிரியர் அனுப்பவில்லை, தானும் தீர்ப்பு எழுதவில்லை. அனுமதி கொடுக்கும் அலுவலகங்களுக்கு வெளிப்படையான எதிர்ப்பைக் கையாளத் தெரியும். இந்த மௌனத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. 1970களின் இறுதியில் மாஸ்கோ கலை அரங்கில் அலேக் யெஃப்ரெமவ் தாமே இயக்கி, ஐம்பது வயதைத் தாண்டிய நிலையில் ஸீலவாக நடித்தார். மெல்னிகவ் 1979இல் ‘செப்டம்பரில் விடுமுறை’ என்ற பெயரில் எடுத்த படத்தில் அலேக் தால் அந்தப் பாத்திரத்தை ஏற்றார். படம் 1987 வரை ஒளிபரப்பாகவில்லை. தால் 1981லேயே இறந்துவிட்டார்.

கடைசி முழுநீள நாடகம் ‘சென்ற கோடையில் சுலீம்ஸ்க்கில்’, 1971. காட்டோரச் சிற்றூரில் ஒரு பழைய வணிகர் வீடு, கீழே தேநீர்க் கடை, முன்னால் சிறு பூந்தோட்டம், அதைச் சுற்றி மரவேலி. சுற்றிப் போகச் சோம்பல்பட்டு எல்லோரும் வேலியைத் தள்ளிக்கொண்டு குறுக்கே நடக்கிறார்கள். கடையில் பரிமாறும் வலந்தீனா என்ற இளம்பெண் ஒவ்வொரு தடவையும் பலகைகளைத் திரும்பப் பொருத்துகிறாள். நகரத்தில் செல்வாக்குள்ள ஒருவரின் மகன்மீது வழக்கை நடத்த முயன்று தோற்று, எதிலும் ஆர்வமற்று இங்கே வந்து ஒதுங்கியிருக்கும் விசாரணை அதிகாரி ஷமானவ், அவளுடைய அன்பினால் மெல்ல விழித்தெழுகிறான். அதற்குள் பொறாமையும், இடைமறிக்கப்பட்ட ஒரு கடிதமும், பாஷ்கா என்பவனின் வன்முறையும் அவள்மேல் விழுந்துவிடுகின்றன. முந்தைய வடிவமொன்றில் வலந்தீனா தற்கொலை செய்துகொள்வதாக இருந்தது. இறுதி வடிவத்தில் அவள் மறுநாள் காலை வெளியே வருகிறாள். எல்லோரும் பேச்சிழந்து நிற்க, அமைதியாக வேலிக்குப் போய்ப் பலகையைப் பொருத்தத் தொடங்குகிறாள். இந்த மாற்றம் தணிக்கைக்காக மென்மையாக்கியது என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் முடிவில் ஒரு கணத்தில் தீர்ந்துவிடும் துயரம், இரண்டாவதில் நாடகம் முடிந்த பின்னும் அந்த வேலியருகே தொடர்ந்து நிற்கிறது.

செகாவோடு அவரை ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. ஒப்புமை உண்டு, சிற்றூர், நடக்காத செயல்கள், சிரிப்போடு வரும் வலி. ஆனால் ஒரு சிறு வேறுபாட்டைக் கவனியுங்கள். மேடையில் வந்த துப்பாக்கி வெடித்தாக வேண்டும் என்றவர் செகாவ். வம்பீலவின் முதிர்ந்த நாடகங்கள் இரண்டிலும் துப்பாக்கி வருகிறது. ஸீலவின் கையில் வெடிக்கவில்லை, ஷமானவ் தானே நீட்டிய துப்பாக்கியைப் பாஷ்கா அவன்மேல் சுட்டபோதும் குண்டு பாயவில்லை. சாவு தப்பிப்போகிறது, மறுநாளும் வாழ வேண்டிய கட்டாயம் வந்துசேர்கிறது.

1972 ஆகஸ்ட் 17 அன்று, முப்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு, அங்காரா நதி புறப்படும் இடத்துக்கு அருகே பைக்கால் ஏரியில் அவர் சென்ற படகு நீரில் பாதி மூழ்கிக் கிடந்த மரக்கட்டையில் மோதிக் கவிழ்ந்தது. உடனிருந்த எழுத்தாளர் க்லெப் பக்கூலவ் படகைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பினார். வம்பீலவ் கரையை நோக்கி நீந்தினார். கோடையிலும் உறையவைக்கும் அந்த நீரில், கரை எட்டும் தூரத்தில் அவர் இதயம் நின்றது. ‘ஒப்பற்ற நகனேச்னிகவ்’ என்னும் நகை நாடகம் பாதியில் நின்றுபோயிருந்தது. இர்குத்ஸ்க்கில் அவரை அடக்கம் செய்தார்கள். அவரோடு சேர்ந்து எழுத வந்த நெருங்கிய நண்பர் வலந்தீன் ரஸ்பூதின் பின்னாளில் சைபீரியாவின் பெரிய நாவலாசிரியராக வளர்ந்தார். வம்பீலவின் நாடகங்களோ அவர் இறந்த சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் நடிக்கப்பட்டன.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், ‘மூத்த மகன்’ முதலில், பிறகு அந்த இரண்டு ஓரங்க நாடகங்கள், அதன்பின் ‘சுலீம்ஸ்க்’, கடைசியில் ‘வாத்து வேட்டை’ என்ற வரிசையைச் சொல்வேன். ‘வாத்து வேட்டை’யைப் படிக்கும்போது வசனத்தைவிட ஆசிரியரின் மேடைக் குறிப்புகளில் மெதுவாகச் செல்லுங்கள். ஜன்னலுக்கு வெளியே மழை எப்போது வலுக்கிறது, எப்போது குறைகிறது, அந்நேரம் ஸீலவ் தொலைபேசிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறான் என்பதையெல்லாம் அவர் அங்கேதான் எழுதிவைத்திருக்கிறார்.